பிள்ளையை எங்கே சேர்ப்பது? பள்ளித் தேர்வுரிமை, அரசுக் கல்விச் சீர்திருத்தம் பற்றிக் குமரி மாவட்டப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்குளம் தாலுகாவில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சேர்க்கைக் காலம் வந்தால் ஊர் நூலகத் திண்ணையில் உட்கார்ந்து, விண்ணப்பம் நிரப்ப வருபவர்களுக்கு உதவுவது வழக்கமாகிவிட்டது. கேட்பவர்கள் ஆண்டுதோறும் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை என்பதால், கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன். இந்த விவகாரத்தில் எனக்கென்று ஒரு பக்கச்சார்பு உண்டு. அது என்னவென்று 11ஆம் கேள்வியில் சொல்லியிருக்கிறேன். முதலிலேயே தெரிந்துகொள்ள விரும்புபவர் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

1. பள்ளித் தேர்வுரிமைன்னா என்ன சாரே? இஷ்டப்பட்ட பள்ளிக்கூடத்துல சேர்க்க இப்ப யாரு தடுக்கா?

ஆள் யாரும் தடுப்பதில்லை, பணம் தடுக்கிறது. நாகர்கோவிலில் மாதச் சம்பளம் வாங்கும் குடும்பம் கல்விக் கட்டணத்தையும் வேன் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்து நான்கு பள்ளிகளில் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. குலசேகரம் பக்கம் விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் தகப்பனுக்கும், கடற்கரையில் இருந்து மீன் கூடையோடு புறப்படும் தாய்க்கும் நடக்கும் தூரத்தில் எது இருக்கிறதோ அதுவே பள்ளி. ஒரு பிள்ளையின் படிப்புக்கு அரசு செலவிடும் பணம் பெற்றோர் தேர்ந்தெடுத்த பள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும், அதை அரசே நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை என்பதுதான் தேர்வுரிமைக் கருத்தின் சாரம்.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1955இல் இதைக் கட்டுரையாக எழுதினார். அதன் பிறகு இது பல உருவங்கள் எடுத்தது. பெற்றோர் கையில் அரசு கொடுக்கும் கல்விச் சீட்டுக்கு வவுச்சர் என்று பெயர். அரசுப் பணத்தில் கட்டணமின்றி நடந்தும் அரசு விதிகள் பலவற்றிலிருந்து விலக்குப் பெற்ற பள்ளிக்குச் சார்ட்டர் பள்ளி என்று பெயர்; அதற்கான முதல் சட்டத்தை மினசோட்டா மாநிலம் 1991இல் இயற்றியது. இந்தியாவில் இதற்கு நெருக்கமாக வருவது கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தரும் 25 சதவீத இடஒதுக்கீடு, நாம் ஆர்.டி.இ. சீட்டு என்று சொல்வது.

2. இது வெள்ளைக்காரன் சமாச்சாரம். நம்ம மாவட்டத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் மயிலாடிக்காரர் என்பதால் எனக்குச் சிரிப்பு வந்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806இல் அங்கே வந்து, சபைகளோடு பள்ளிகளையும் தொடங்கினார். 1818இல் வந்த சார்லஸ் மீட் அந்த வேலையை நாகர்கோவிலுக்கு விரிவாக்கினார்; மார்த்தா மால்ட் பெண் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்தினார். அதே காலத்தில், 1817இல், மக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்று, அன்று இந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதிபாய் ஆணை பிறப்பித்தார். அரசுக் கல்வியும் தனியார் கல்வியும் நம் மண்ணில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முளைத்தவை.

ஆணை ஒரு பக்கம் இருக்க, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிகளின் கதவு பிறகும் பல பத்தாண்டுகள் திறக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒடுக்கப்பட்டோரின் உரிமைக்காகப் போராடிய அய்யன்காளி, பஞ்சமி என்ற சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்குக் கைபிடித்து அழைத்துச் சென்றபோது, அந்தப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். அரசுப் பள்ளி ஏற்காத பிள்ளைக்கு வேறொரு பள்ளி இருந்ததால்தான் எங்கள் பாட்டன் தலைமுறை எழுத்தறிந்தது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு இந்த மாவட்டம் தமிழ்நாட்டில் முதலிடம் பெற்றதற்குப் பின்னால் இந்த இரண்டு வாசல்களும் இருக்கின்றன. தேர்வுரிமையை ஆதரிப்பவர் அரசு வாசலை மறப்பதும், எதிர்ப்பவர் தனியார் வாசலை மறப்பதும் எனக்கு ஒரே அளவு எரிச்சலைத் தருகின்றன.

3. எய்டட்னா அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா? ஒருத்தரும் தெளிவா சொல்ல மாட்டேங்காவ.

இரண்டும் கலந்தது. கட்டடமும் நிர்வாகமும் ஒரு சபை, மறைமாவட்டம், அறக்கட்டளை அல்லது தாளாளர் கையில் இருக்கும். அரசு ஒப்புதல் அளித்த பணியிடங்களுக்குச் சம்பளம் கருவூலத்திலிருந்து வரும். பாடநூலும் மதிய உணவும் அரசுப் பள்ளியைப் போலவே இலவசம். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கியது; 2024இல் ஊரக உதவி பெறும் பள்ளிகளுக்கும் 2025இல் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. முதல் பதிலில் சொன்ன மீன்காரத் தாய்க்கு இது சின்ன விஷயம் அல்ல. அவர் வீட்டிலிருந்து புறப்படும்போது அடுப்பு பற்றவைத்திருக்காது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே வளாகத்தில், ஒரே பெயர்ப் பலகையின் கீழ், உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் சேர்ந்து நடக்கலாம். சுயநிதிப் பிரிவில் சேர்ந்த பிள்ளைக்குக் கட்டணம் உண்டு. அரசின் சலுகைகளும் எல்லாம் வந்து சேராது. பிள்ளை எந்தப் பிரிவில் சேர்க்கப்படுகிறது என்பதை ரசீது வாங்கும் முன் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

உலகில் இதற்கு ஓர் உறவினரும் உண்டு. நெதர்லாந்து 1917இல் தன் அரசமைப்புச் சட்டத்திலேயே, சமயப் பள்ளிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சமமான அரசு நிதி என்று எழுதிவைத்தது. இன்று அங்கே மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் படிப்பது தனியார் நிர்வகிக்கும், அரசு பணம் கொடுக்கும் பள்ளிகளில். எய்டட் என்ற சொல் அவர்களுக்குத் தெரியாது, பொருள் தெரியும்.

4. 7.5 சதவீத மெடிக்கல் ஒதுக்கீடு எய்டட் பள்ளிப் பிள்ளைக்கும் உண்டுதானே?

இல்லை. பல பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிறகுதான். மருத்துவப் படிப்புக்கு 2020இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021இலும் வந்த இந்த உள்ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். ஆர்.டி.இ. சீட்டில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் இதற்குள் வருவர். உதவி பெறும் பள்ளி இதில் இல்லை.

கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்களின் நிலை வேறு. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டுமாக இருந்து, 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் விரிந்தது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் உதவி பெறும் பள்ளிகளின் தமிழ் வழி மாணவர்களும் உண்டு. ஐந்தாம் வகுப்பு முடிந்து ஆறாம் வகுப்புக்குப் பள்ளி மாற்றும் அந்த ஒரு மாதத்தில் இத்தனையும் தீர்மானமாகிவிடுகிறது.

5. ஆர்.டி.இ.க்கு ஆன்லைன்ல போட்டா, வீட்டுப் பக்கத்துல இருக்கிற பள்ளி லிஸ்ட்லயே இல்லை. பள்ளிக்காரங்க ஏமாத்துறாங்களா?

பெரும்பாலும் ஏமாற்று இல்லை. 2009இல் இயற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் 12ஆம் பிரிவு, உதவி பெறாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றித் தர வேண்டும் என்கிறது. 2012இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்று, உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு மட்டும் விலக்களித்தது. 2014இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, உதவி பெறுபவை உட்பட எல்லாச் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் சட்டமே பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. கிறிஸ்தவ நிர்வாகப் பள்ளிகள் தெருவுக்குத் தெரு இருக்கும் குமரி மாவட்டத்தில் இதன் விளைவு வேறு மாவட்டங்களைவிடக் கூடுதல். உங்கள் வீட்டைச் சுற்றி நான்கு தனியார் பள்ளிகள் இருந்தும் பட்டியலில் ஒன்றுதான் வருகிறது என்றால் காரணம் இதுவாகவே இருக்கும்.

2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, 2014 தீர்ப்பு சரியா என்ற ஐயத்தை எழுப்பி, பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. அந்த அமர்வு மாற்றிச் சொல்லும் வரை பழைய தீர்ப்பே செல்லும். சிறுபான்மையினர் தம் பள்ளியைத் தாமே நடத்தும் உரிமையை நான் மதிக்கிறேன். அந்த உரிமையும், இடங்களில் நான்கில் ஒரு பங்கை ஏழைப் பிள்ளைகளுக்குத் தரும் கடமையும் ஒன்றுக்கொன்று பகை என்று மட்டும் என்னால் நம்ப முடியவில்லை. நம் மிஷன் பள்ளிகளின் தொடக்கக் கதையே அதற்கு மறுப்பு.

6. ஆர்.டி.இ. சீட் கிடைச்சாச்சு. இனி பன்னிரண்டு வரைக்கும் பீஸ் கட்ட வேண்டாம்லா?

எட்டாம் வகுப்பு வரைதான். சட்டம் 6 முதல் 14 வயது வரை என்பதால் ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம் வந்து நிற்கும். அப்போது அரசுப் பள்ளிக்கு மாறினால் 4ஆம் பதிலில் சொன்ன ஒதுக்கீடு கைக்கு வரும். மாறாமல் கட்டணம் கட்டித் தொடர்ந்தால் வராது.

இடையில் ஐந்தாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ இந்தச் சீட்டைக் கேட்க முடியாது, எல்.கே.ஜி. அல்லது முதல் வகுப்பில்தான் நுழைவு. தனியார் பள்ளிக்கு அரசு திருப்பித் தருவது, அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செய்யும் செலவு, அந்தத் தனியார் பள்ளியின் கட்டணம் இவற்றில் எது குறைவோ அது. அந்தப் பணம் தாமதமானால் பள்ளி முகம் சுளிக்கிறது. 2025-26இல் மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையிலான நிதித் தகராற்றில் சேர்க்கையே அக்டோபருக்குத் தள்ளிப்போனது. ஜூனில் பள்ளி திறந்து அக்டோபரில் சீட்டு கிடைத்தால், இடைப்பட்ட மாதங்களில் பிள்ளை எங்கே இருந்திருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

7. பீஸ் பாக்கி இருக்குன்னு டி.சி. தர மாட்டேங்காங்க. பிள்ளை வீட்டுல இருக்கு.

பிள்ளையை நாளைக்கே அரசுப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறிச் செல்லும் உரிமையைப் பிள்ளைக்குத் தருகிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. மாற்றுச் சான்றிதழைக் கட்டணம் வசூலிக்கும் கருவியாக்கக் கூடாது, பாக்கி விவரத்தை அதில் எழுதக் கூடாது என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பாக்கி இருந்தால் நிர்வாகம் அதைச் சட்டப்படி வசூலிக்கட்டும்; அதற்குப் பிணையாகப் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது. புகாரை நாகர்கோவிலில் உள்ள முதன்மைக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

8. பாஸ் சதவீதம் பார்த்து நல்ல பள்ளியைக் கண்டுபிடிக்கலாம்லா? அதுதான் பேப்பர்ல வருதே.

பொதுத்தேர்வுத் தேர்ச்சியில் நம் மாவட்டம் பெரும்பாலும் முன்வரிசையில் நிற்கும் என்பது உண்மை. தனியொரு பள்ளியின் நூறு சதவீதத்தைப் பார்க்கும்போது மட்டும், எத்தனை பேர் எழுதி நூறு என்று கேளுங்கள். பத்தாம் வகுப்பென்றால், அதற்கு முந்தைய ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள் என்றும் கேளுங்கள். ஒன்பதில் 60 பேரும் பத்தில் 48 பேரும் இருந்தால், அந்தப் பன்னிரண்டு பேர் எங்கே போனார்கள் என்பதுதான் பள்ளியைப் பற்றிய செய்தி. பலவீனமான பிள்ளைக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு வாங்கும் நூறு சதவீதத்தில் ஆசிரியரின் திறமை எவ்வளவு என்று ஆசிரியனாக இருந்த எனக்குத் தெரியும். அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகள் எங்கள் வகுப்பில்தான் வந்து உட்கார்ந்தார்கள்.

தொடக்கப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பவர் பார்க்க வேண்டியது வேறு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் ஏதாவது ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்; பாடநூலில் இல்லாத பத்தியாக இருக்கட்டும். எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்ற இலக்கோடு 2022-23இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததே, இந்த இடத்தில் பள்ளிகள் சறுக்கியதால்தான். கழிப்பறையைப் போய்ப் பாருங்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுடையதை. முதல் வகுப்பு ஆசிரியர் எத்தனை ஆண்டாக அந்தப் பள்ளியில் இருக்கிறார் என்று விசாரியுங்கள். ஆண்டுக்கு ஓர் ஆசிரியர் மாறும் பள்ளி, கட்டடம் எவ்வளவு பளபளத்தாலும், சம்பளத்தில் கைவைக்கும் பள்ளியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை விவரம் ஆகியவை, பள்ளி விவரங்களைத் தொகுக்கும் மத்திய அரசின் யூடைஸ் பிளஸ் இணையதளத்தில் பள்ளிவாரியாகக் கிடைக்கின்றன. பேரப்பிள்ளையிடம் கைப்பேசியைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் எடுத்துத் தரும்.

9. அரசுப் பள்ளியிலயே இங்கிலீஷ் மீடியம் இருக்காமே. அதுல போட்டா ரெண்டும் கிடைச்ச மாதிரிதானே?

2012 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் உண்டு. கட்டணம் தராமல் ஆங்கிலம் கிடைப்பது ஏழைக் குடும்பத்துக்குப் பெரிய ஈர்ப்பு. 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் அது தடையில்லை. ஆனால் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் தரப்படும் 20 சதவீத முன்னுரிமை போய்விடும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருந்தால்தான் அது கிடைக்கும். நடுவில் ஓர் ஆண்டு மாறினாலும் சிக்கல். மற்றபடி, ஆங்கிலம் நன்றாகக் கற்பிக்கும் ஆசிரியர் இருக்கும் தமிழ் வழி வகுப்பு, ஆங்கிலம் தடுமாறும் ஆசிரியர் நடத்தும் ஆங்கில வழி வகுப்பைவிட மேல் என்பது என் அனுபவம்.

10. ஆளுக்கு ஒரு வவுச்சர் கொடுத்துட்டா போட்டியில எல்லாப் பள்ளியும் திருந்திராதா?

இப்படி நம்பி நாடு முழுவதும் செய்து பார்த்தது சிலி. ராணுவ ஆட்சி நடந்த 1981இல், பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறதோ அந்தப் பள்ளிக்கு அரசுப் பணம் என்று ஆக்கினார்கள். அப்போது பத்தில் எட்டுப் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் இருந்தார்கள். பின்னாளில் அது நாலுக்கும் கீழே போனது. போட்டியால் நாட்டின் சராசரிக் கற்றல் உயர்ந்ததா என்று ஆராய்ந்தவர்களால் அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பணமும் திறனும் உள்ள பிள்ளைகள் ஒரு பக்கமும் மற்றவர்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்ததைத் தெளிவாகக் காட்ட முடிந்தது. பள்ளிகள் நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கின, வவுச்சருக்கு மேல் கட்டணமும் வாங்கின. மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு, 2015இல் வந்த சட்டம் அரசுப் பணம் பெறும் பள்ளிகளில் பொறுக்கிச் சேர்ப்பது, லாபம் எடுப்பது, கூடுதல் கட்டணம் வாங்குவது ஆகியவற்றைப் படிப்படியாக நிறுத்த வழி செய்தது.

ஸ்வீடன் 1992இல் தொடங்கிய முறையில் கூடுதல் கட்டணத்துக்கு இடமில்லை. ஆனால் லாப நோக்கு நிறுவனங்கள் வரலாம் என்று விட்டார்கள். 2013இல் அப்படியொரு பெரிய நிறுவனம் திவாலாகி, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேறு பள்ளி தேட வேண்டியதாயிற்று.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு சோதனை நடந்தது. ஆந்திரத்தின் கிராமங்களில் குலுக்கல் முறையில் வவுச்சர் கொடுத்து நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைகள் தெலுங்கிலும் கணக்கிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை முந்தவில்லை, இந்தியில் முந்தினார்கள். அதே சமயம், ஒரு பிள்ளைக்குத் தனியார் பள்ளி செய்த செலவு அரசுப் பள்ளியின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இரு தரப்பாரும் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் மேற்கோள் காட்டும் ஆய்வு இது. எனக்கு இரண்டு பாதியும் வேண்டும்: தனியார் பலகை தொங்குவதால் படிப்பு வந்துவிடுவதில்லை, அரசுப் பள்ளியில் கொட்டும் பணத்தில் கணிசமான பகுதி கற்றலாக மாறுவதில்லை.

11. சுத்தி வளைக்காதீங்க. நீங்க இதை ஆதரிக்கிறீங்களா, எதிர்க்கிறீங்களா?

ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு: பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கு உரியது, பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பள்ளிக்குக் கிடையாது. அரசுப் பணம் ஒரு ரூபாய் வாங்கும் பள்ளியும் தூரத்தையும் குலுக்கலையும் தவிர வேறு எதையும் பார்த்துச் சேர்க்கக் கூடாது, மேற்கொண்டு கட்டணம் வாங்கக் கூடாது, காலியிடத்தை இணையத்தில் போட வேண்டும். சிலி தடுக்கி விழுந்த இடங்களையும் நம் 25 சதவீதத் திட்டத்தின் ஓட்டைகளையும் பார்த்துவிட்டு எனக்கு வேறு முடிவுக்கு வர இயலவில்லை.

உதவி பெறும் பள்ளியில் வேலை பார்த்தவனாக இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு, ஏனெனில் எங்கள் பக்கத்து நோய் எனக்குத் தெரியும். சம்பளம் பொதுப்பணம், நியமனம் நிர்வாகத்தின் கை என்றிருக்கும்போது பணியிடத்துக்கு விலை பேசப்படுகிறது என்ற குற்றச்சாட்டு ஊரறிந்தது. பொதுத் தேர்வின் தகுதிப் பட்டியலிலிருந்து தனக்கு ஏற்றவரை நிர்வாகம் எடுத்துக்கொள்ளட்டும். பட்டியலுக்கு வெளியே போகக் கூடாது. அரசுப் பள்ளியில் இதற்கு நேர்மாறான நோய்: தலைமை ஆசிரியருக்குப் பொறுப்பெல்லாம் உண்டு, ஆளைத் தேர்ந்தெடுக்கவோ ஒரு குழாயை மாற்றவோ அதிகாரம் இல்லை. அவருக்குக் கையில் கொஞ்சம் பணமும், ஐந்து ஆண்டு ஒரே பள்ளியில் இருக்கும் உறுதியும் கொடுத்துப் பார்க்கலாம்.

12. எங்க ஊர்ப் பள்ளியில பதினாலு பிள்ளைங்கதான். எல்லாரும் வேன்ல போயிட்டா மூடிருவாங்களோ?

தேர்வுரிமையை எதிர்ப்பவர்கள் கேட்கும் மிக நியாயமான கேள்வி இது. தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டத்தின் கணக்கு. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்; அதில் ஒருவர் பயிற்சிக்கோ அலுவலக வேலைக்கோ போனால் அன்றைக்கு ஓராசிரியர் பள்ளி. அதைப் பார்த்து இன்னும் இரண்டு குடும்பங்கள் வேனைப் பிடிக்கும். வேனுக்குப் பணமில்லாத பிள்ளை கடைசி வரை அங்கேயே இருக்கும்.

பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்து போக வேண்டிய காணிப் பழங்குடியினர் குடியிருப்பில் போய் வவுச்சர் என்று சொன்னால் அந்தச் சீட்டை வைத்து என்ன செய்வார்கள்? அங்கே இரண்டாம் பள்ளி எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை. அப்படிப்பட்ட இடங்களில் தலை எண்ணிப் பணம் தரும் முறை கூடாது. எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் மூன்று ஆசிரியர், தங்க வீடு, மலைப் பணிக்குத் தனிப் படி என்று நிலையான செலவாக ஏற்க வேண்டும். சமவெளியில் ஒரு கிலோமீட்டருக்குள் மூன்று ஈராசிரியர் பள்ளிகள் இருந்தால், ஊர்க்காரர்களோடு பேசி ஒன்றாக்கி, வகுப்புக்கு ஓர் ஆசிரியர் உள்ள ஒரு பள்ளியாக்குவதை நான் எதிர்க்க மாட்டேன். அங்கேயும் கடைசியில் நிற்கும் பிள்ளைக்கு வண்டி வசதி செய்த பிறகுதான் பூட்டுப் போட வேண்டும்.

13. நாங்க களியக்காவிளைப் பக்கம். பிள்ளை மலையாளம் மீடியத்துல படிக்கலாமா, பாறசாலையில கொண்டு போடலாமா?

1956 நவம்பர் 1இல் தாய்த் தமிழகத்தோடு இணைந்தபோது எல்லை ஊருக்கு நடுவே விழுந்ததால் வந்த கேள்வி இது. விளவங்கோடு பகுதியில் மலையாள வழி வகுப்புகள் உண்டு, பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் தமிழைக் கட்டாயமாக்குகிறது. மொழிச் சிறுபான்மையினர் விலக்குக் கேட்டு நீதிமன்றம் போனதும் உண்டு. எல்லை தாண்டிக் கேரளத்தில் படிப்பதை யாரும் தடுப்பதில்லை, ஆனால் 4ஆம் பதிலிலும் 9ஆம் பதிலிலும் சொன்ன தமிழ்நாட்டுச் சலுகைகள் எதுவும் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காது.

14. கவர்மெண்ட் வாத்தியாரே தன் பிள்ளையைப் பிரைவேட்ல போடுறாரு. எங்களுக்கு மட்டும் எதுக்கு உபதேசம்?

நியாயமான கோபம். அரசுச் சம்பளம் வாங்குவோர் தம் பிள்ளைகளை அரசுப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று 2015இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரவே போட்டது. அது நடைமுறைக்கு வரவில்லை. பெற்றோருக்குத் தேர்வுரிமை என்று பேசும் நான், ஆசிரியருக்கு மட்டும் அது கூடாது என்று சொல்ல முடியாது. தன் பிள்ளையை நம்பி விடாத பள்ளியில் எந்தக் குறையைக் கண்டார் என்பதை அவர் வாய் திறந்து சொன்னால் பள்ளிக்கு நல்லது. அவரே மாலையில் வீட்டில் ட்யூஷன் எடுக்கிறார் என்றால் அது வேறு விஷயம். கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது.

15. எஸ்.எம்.சி. கூட்டம்னு கூப்பிடுதாங்க. போய் கையெழுத்து போட்டுட்டு டீ குடிச்சிட்டு வாறோம். அதுக்கு மேல என்ன செய்ய?

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை எழுதுவதும், வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை. உதவி பெறும் பள்ளிகளில் இந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டுமே உண்டு. அரசுப் பள்ளியில் உண்மையான அதிகாரம் இருந்தும் அதைப் பயன்படுத்துவோர் குறைவு. வேனில் ஏறிப் போவது ஒரு குடும்பத்தின் பதில். கூட்டத்தில் எழுந்து கேட்பது எல்லாப் பிள்ளைகளுக்குமான பதில். முதலாவது சாத்தியம் என்று தலைமை ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும்போது இரண்டாவதற்குக் கிடைக்கும் மரியாதை கூடுகிறது என்பதையும் கண்டிருக்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை ஆசிரியர் பணியிடம் காலி, எத்தனை நாளாக? மூன்றாம் வகுப்பில் எத்தனை பேருக்கு வாசிக்கத் தெரியாது? கடந்த ஆண்டு வந்த பள்ளி மானியம் எவ்வளவு, ரசீது எங்கே? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டு அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள்.

16. எல்லாம் சரி சாரே. எங்க பிள்ளையை எங்க போடணும், நீங்களே சொல்லுங்க.

சொல்ல மாட்டேன். ஒரு முறை சொல்லி, அந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பள்ளி ஒத்துவராமல், இரண்டு ஆண்டு கழித்து அந்தத் தாய் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம், காலையில் வீட்டில் யார் இருப்பார்கள், ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு எவ்வளவு கட்ட முடியும் ஆகிய மூன்றும் உங்களுக்குத்தான் தெரியும். 8ஆம் பதிலில் சொன்னபடி இரண்டு பள்ளிகளையாவது, பள்ளி நடக்கும் வேலை நாளில், முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், நலிந்த பிரிவில் விண்ணப்பிப்பதானால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் என்ற வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்று ஆகியவற்றை மார்ச்சுக்குள் எடுத்துவைத்துக்கொண்டு திண்ணைக்கு வாருங்கள். விண்ணப்பத்தை நான் நிரப்பித் தருகிறேன், பள்ளியின் பெயரை மட்டும் நீங்கள் எழுத வேண்டும்.